பச்சை விழுந்தும் போக இடம் இல்லை

பெங்களூரில் 'சில்க் போர்டு' என்று ஒரு சந்திப்பு இருக்கிறது. மத்தியப் பட்டு வாரியத்தின் அலுவலகம் அங்கே உள்ளது. அதனால் அந்தப் பெயர். ஆனால் பெங்களூர்வாசிகளிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பட்டு யாருக்கும் நினைவுக்கு வராது. வண்டி நெரிசல்தான் நினைவுக்கு வரும்.

ஓசூர் சாலையும் வெளிவட்டச் சாலையும் அங்கே சந்திக்கின்றன. ஓசூரில் இருந்து தினமும் வேலைக்கு வருகிறவர்கள் பலர் இந்த வழியாகத்தான் நகருக்குள் நுழைகிறார்கள். தையல் ஆலைப் பெண்கள் வருகிறார்கள். கொத்தனார், சித்தாள், காவலாளி வருகிறார்கள். கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்களும் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே சாலை.

காலை எட்டு மணி. பேருந்து நிற்கிறது. ஓர் அக்கா எட்டிப் பார்க்கிறார்.

"என்ன அண்ணே, வண்டி நகரவே இல்லையே?"

"நான் என்னம்மா செய்ய? பச்சை விழுந்துச்சு. போக இடம் இல்லை."

"எட்டரைக்குக் கேட்டைச் சாத்திடுவாங்க அண்ணே. அப்புறம் போனா அரை நாள் கூலி போச்சு."

"எனக்கும்தான். டிப்போவில லேட்டுன்னு எழுதுவாங்க."

ஓட்டுநர் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். பச்சை விழுந்தது. போக இடம் இல்லை. இது எப்படி?

ஒரு தாளில் கூட்டல் குறி போடுங்கள். அதுதான் நான்கு சாலைச் சந்திப்பு. கிழக்கே இருந்து வரும் வண்டிகளுக்குப் பச்சை விழுகிறது. ஆனால் மேற்கே சாலை நிரம்பி இருக்கிறது. அங்கே இடம் இல்லை. இருந்தும் வண்டிகள் சந்திப்புக்குள் நுழைகின்றன. நடுவில் போய் நின்றுவிடுகின்றன. சிவப்பு விழுகிறது. அவை இன்னும் நடுவில்தான் நிற்கின்றன. இப்போது வடக்கே இருந்து வருபவருக்குப் பச்சை. அவர் எப்படிப் போவார்? குறுக்கே சுவர் போல வண்டிகள். அவரும் கிடைத்த சந்தில் மூக்கை நுழைக்கிறார். தெற்கே இருந்து வருபவரும் அப்படியே. நான்கு பேரும் முந்தப் பார்க்கிறார்கள். நான்கு பேரும் நிற்கிறார்கள்.

சில சந்திப்புகளில் தரையில் மஞ்சள் கோடுகளால் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். அழகுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தக் கட்டத்துக்குள் வண்டி நிற்கக் கூடாது. எதிர்ப்பக்கம் இடம் இருந்தால்தான் கட்டத்துக்குள் போகலாம். இடம் இல்லை என்றால் பச்சை எரிந்தாலும் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். ஹாரன் சத்தத்துக்கு இடம் பிறப்பதில்லை.

ஹாரன் என்றதும் மும்பை நினைவுக்கு வருகிறது. அங்கே சிவப்பு விளக்கில் நிற்கும்போதே ஹாரன் அடிக்கும் பழக்கம் அதிகம். காவல் துறை ஒரு வேடிக்கை செய்தது. சில சிக்னல்களில் சத்தத்தை அளக்கும் கருவி வைத்தது. சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலில் இருந்து தொடங்கும். அடித்தால் இன்னும் நிற்க வேண்டும்! இதை 2020 ஜனவரியில் படம் எடுத்து வெளியிட்டார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எத்தனை பேர் ஹாரனை விட்டார்கள் என்பது வேறு கதை.

சரி, சந்திப்பே இல்லாத இடத்திலும் வண்டிகள் நிற்கின்றனவே? விபத்து இல்லை. பள்ளம் இல்லை. மாடு இல்லை. பத்து நிமிடம் ஊர்ந்த பிறகு சாலை தானாகத் திறக்கிறது. அங்கே என்னதான் இருந்தது என்று தெரியவே இல்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்.

ஜப்பானில் அறிஞர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 230 மீட்டர் சுற்றளவில் ஒரு வட்டப் பாதை போட்டார்கள். 22 கார்களை அதில் ஓட விட்டார்கள். எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டும். சிக்னல் இல்லை, சந்திப்பு இல்லை, தடை எதுவும் இல்லை. முதலில் ஒழுங்காக ஓடின. கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாக வேகம் குறைத்தார். பின்னால் வந்தவர் நெருக்கமாக வந்ததால் பிரேக் போட்டார். அதற்குப் பின்னால் வந்தவர் இன்னும் அழுத்திப் பிரேக் போட்டார். சில கார்கள் அப்படியே நின்றுவிட்டன. அந்த நெரிசல் அலை போலப் பின்னோக்கி நகர்ந்தது. இதை 2008ல் வெளியிட்டார்கள்.

இப்போது நம் ஊர்ச் சாலையைப் பாருங்கள். ஒரு பைக் இடது பக்கமாக வந்து பேருந்தின் முன்னால் வெட்டுகிறது. பேருந்து பிரேக் போடுகிறது. பைக்காரர் போய்விட்டார். அவருக்கு அரை நொடி லாபம். பேருந்துக்குப் பின்னால் இருநூறு பேர் நிற்கிறார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பார்த்திருந்தால் ஒருவேளை வெட்கப்பட்டிருப்பார்.

பெங்களூரில் பதிவான வண்டிகள் ஒரு கோடிக்கு மேல். அதில் பெரும்பகுதி இரு சக்கர வண்டிகள். 2023ல் நகரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் போகச் சராசரியாக 28 நிமிடம் ஆனது. மணிக்கு 21 கிலோமீட்டர்தான். அதுவும் நாள் முழுவதற்குமான சராசரி. காலையிலும் மாலையிலும் இன்னும் மெதுவு. 2010ல் ஓசூர் சாலையில் சுமார் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் திறந்தார்கள். அதில் போகச் சுங்கம் கட்ட வேண்டும். மேலே ஏறிய வண்டி இறங்கத்தானே வேண்டும்? சில்க் போர்டுக்குச் சற்று முன்னால் இறங்குகிறது. பாலம் நெரிசலைக் கரைக்கவில்லை. இடம் மாற்றியது.

இனி ஒரு கணக்கு. 60 பேர் வேலைக்குப் போகிறார்கள். எல்லோரும் காரில் போனால்? காருக்கு ஒன்றரை பேர் என்று வைப்போம். 40 கார்கள் வேண்டும். ஒரு காருக்கு இடைவெளியும் சேர்த்து 5 மீட்டர். 40 கார்களுக்கு 200 மீட்டர். அதே 60 பேர் ஒரே பேருந்தில் போகலாம். பேருந்தின் நீளம் சுமார் 12 மீட்டர். எது சாலையை அடைக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் நெரிசலில் அதிகம் திட்டு வாங்குவது பேருந்து ஓட்டுநர்தான்.

கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் பெண்கள் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லாமல் போகலாம் என்று அரசு அறிவித்தது. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஓசூரில் குடியிருந்து வேலைக்கு வரும் அக்காவுக்கு இது கிடைக்காது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் வந்தது. 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். சில்க் போர்டிலும் ஒரு நிலையம் உண்டு. தொடங்கியபோது 25 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான் ஓடியது.

பேருந்தின் பலகை கன்னடத்தில் இருக்கும். கவலைப்படாதீர்கள். எண்ணைப் படியுங்கள். 356 என்று தொடங்கும் பேருந்துகள் ஓசூர் சாலையில் ஓடுகின்றன. 500 என்று தொடங்குபவை வெளிவட்டச் சாலைக்கு. எண் தெரிந்தவருக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இப்போது வேகம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடும். குறுக்கே ஒரு குழந்தை வருகிறது. கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 11 மீட்டர் போய்விட்டது. 60ல் போனால் கிட்டத்தட்ட 17 மீட்டர். கையில் செல்போன் இருந்தால் அந்த ஒரு நொடி இரண்டாகும், மூன்றாகும். பறந்து போனால் மிச்சமாவது எவ்வளவு? 10 கிலோமீட்டர் போக 40 வேகத்தில் 15 நிமிடம். 50 வேகத்தில் 12 நிமிடம். மிச்சம் 3 நிமிடம். அதையும் அடுத்த சிக்னல் வாங்கிக்கொள்ளும்.

2022ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தலைக்கவசம் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். பின்னால் உட்கார்ந்தவர்களும் இதில் அடக்கம். காவலருக்காகத் தலைக்கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முழங்கைக்கு என்ன ஆகும் என்ற பயமோ தெரியவில்லை.

வீட்டில் பதினாறு வயதுப் பையன் வண்டி கேட்கிறானா? 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தைச் சொல்லுங்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டிக்காரர் சிறை போக நேரலாம். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று அந்தச் சட்டத்தில் எழுதி இருக்கிறது. ஆம்புலன்சுக்கு வழி விடாதவருக்கும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு. அடிபட்டவருக்கு உதவி செய்கிறவரைச் சட்டம் காப்பாற்றுகிறது. பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. எனவே பயப்படாமல் 108க்கு போன் செய்யுங்கள்.

பயிற்சி

1. ஒரு வாரம் குறித்து வாருங்கள்: வீட்டை விட்டுக் கிளம்பிய நேரம், பேருந்து வந்த நேரம், வேலைக்குச் சேர்ந்த நேரம். நிற்காமல் போன பேருந்துகளின் எண்ணையும் எழுதுங்கள்.

2. ஒரு நாளைக்குப் போக 2 மணி, வர 2 மணி. மாதம் 26 நாள் வேலை. மொத்தம் எத்தனை மணி நேரம் சாலையில்?

3. கீழே உள்ள மனுவைப் படியுங்கள். உங்கள் குறிப்பைப் பார்த்துக் கோடிட்ட இடங்களை நிரப்புங்கள். கன்னடம் எழுதத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துக் கன்னடத்திலும் எழுதி வாங்குங்கள். தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போடலாம்.

போக்குவரத்துக் கழக அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் ______ நிறுத்தத்தில் தினமும் காலை ______ மணிக்குப் பேருந்துக்கு நிற்கிறோம். சென்ற வாரம் ______ எண் பேருந்து ______ முறை நிற்காமல் போனது. மற்ற வண்டிகள் நிரம்பி வருகின்றன. எங்களுக்கு அரை நாள் கூலி போகிறது. காலை ______ மணிக்கு இன்னும் ஒரு பேருந்து விட வேண்டும். நிறுத்தத்தை அடைத்து நிற்கும் வண்டிகளையும் அகற்ற ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
______