லைட்டர் கல்லில் என்ன இருக்கிறது?

காந்தலூரில் இரவு எட்டு மணி. வெளியே பனி. படிப்பு மையத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். திடீரென்று கரண்ட் போய்விட்டது.

பெரியவர் ஒருவர் பையிலிருந்து லைட்டரை எடுத்தார். சக்கரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். பொறி பறந்தது. மெழுகுவத்தி எரிந்தது.

"இந்தப் பொறி எப்படி வருகிறது டீச்சர்?" என்று ஓர் அக்கா கேட்டார்.

"லைட்டருக்குள் சின்னக் கல் இருக்கிறது. பெயர்தான் கல். உண்மையில் அது உலோகக் கலவை. அதில் அதிகம் இருப்பது சீரியம்" என்றார் டீச்சர்.

சீரியம் எப்படிப்பட்டது?

சீரியம் வெள்ளி நிறமானது. கத்தியால் வெட்டும் அளவுக்கு மென்மையானது. காற்றுப் பட்டால் மங்கிவிடும். உரசினால் அதன் தூள் தீப்பற்றும். அதுதான் பொறி. லைட்டர் கல்லில் கடினம் வருவதற்காக இரும்பு சேர்க்கிறார்கள்.

1803-ல் சுவீடனிலும் ஜெர்மனியிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். மூக்குக்கண்ணாடிச் சில்லை மெருகேற்றுவதும் சீரியத்தின் ஆக்சைடுதான். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலிலும் இது சிறிது சேரும்.

எங்கே கிடைக்கிறது?

மலைப்பாறைகள் வெயிலிலும் மழையிலும் உடைகின்றன. ஆறுகள் அந்த மணலைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன. அலைகள் லேசான மணலை அடித்துச் செல்கின்றன. கனமான மணல் கரையில் தங்குகிறது. நாம் முறத்தில் அரிசி புடைப்பது போலத்தான்.

கொல்லம் மாவட்டம் சவறாவிலும், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் இப்படிக் கருமணல் குவிந்துள்ளது. அதில் மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது. மோனசைட்டில் சீரியம் உண்டு. தோரியமும் உண்டு.

இந்த மோனசைட்டை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். இங்கிருந்து கப்பலில் போன கயிற்றில் மணல் ஒட்டியிருந்ததாம். அதைப் பார்த்துத்தான் அவர் தேடி வந்தார் என்பார்கள். 1950-ல் நம் அரசு இதற்காக ஒரு நிறுவனம் தொடங்கியது. ஆலுவாவில் ஆலையும் வந்தது.

"நம் மலை மணலும் அங்கேதான் போகிறதா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை. நம் பாம்பாறு கிழக்கே ஓடுகிறது. அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது."

பெரியவரின் காகிதம்

பெரியவர் தயங்கினார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"என் பூண்டுத் தோட்டத்தில் அரிய மண் இருக்கிறதாம். கோடி ரூபாய் பெறுமாம். சோதனைச் செலவுக்குப் பத்தாயிரம் கேட்கிறார் ஒருவர். இதில் கையெழுத்தும் போடச் சொன்னார்."

"ஐயா, 'அரிய' என்ற பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். பூமியில் செம்பு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு சீரியமும் உண்டு. எல்லா இடத்திலும் துளித்துளியாகப் பரவிக் கிடக்கிறது. பிரிப்பதுதான் கடினம். குவிந்து கிடந்தால்தான் எடுக்க முடியும். தோரியம் அணுசக்திக்கு உரிய பொருள். அதனால் அரசு அனுமதி இல்லாமல் மோனசைட்டை எடுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. கனிமம் தேடுவது பெரும்பாலும் அரசுத் துறைகளின் வேலை. அதற்கு உங்களிடம் முன்பணம் கேட்கமாட்டார்கள். இப்போது காகிதத்தை நீங்களே படியுங்கள்."

பெரியவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். அலுவலகப் பெயர் இல்லை. முத்திரை இல்லை. தேதியும் இல்லை. ஆனால் அவருடைய தோட்டத்தின் சர்வே எண் மட்டும் சரியாக இருந்தது.

"போன வருஷமாக இருந்தால் கைநாட்டு வைத்திருப்பேன்" என்றார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "நாளைக்கு இதைப் பஞ்சாயத்து ஆபீசில் காட்டுகிறேன்."

நினைவில் வைப்போம்

படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.
ரசீது இல்லாமல் பணம் தரக் கூடாது.

பதில் சொல்லுங்கள்

1. லைட்டர் கல்லில் உள்ள உலோகம் எது?
2. கருமணல் கடற்கரையில் எப்படிக் குவிகிறது?
3. பெரியவரின் காகிதத்தில் எவை இல்லை?
4. உங்கள் ஊர் ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது? எங்கே போய்ச் சேர்கிறது?