ஏழு ஓட்டு

கேரளாவில் தலச்சேரி என்று ஒரு கடலோர ஊர் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு அங்கே சட்டமன்றத் தேர்தல் நடந்தது. ஓட்டுகளை எண்ணினார்கள். அதற்கு முன்பு அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.வாக இருந்தவர் தோற்றுப்போனார். எத்தனை ஓட்டில் தெரியுமா? ஏழே ஏழு ஓட்டில்! ஒரு பெரிய குடும்பம் வீட்டிலேயே தங்கிவிட்டால் இவ்வளவு ஓட்டு குறைந்துவிடும்.

தோற்றவர் பெயர் வி. ஆர். கிருஷ்ணய்யர். அவர் ஒரு சுயேச்சை.

சுயேச்சை என்றால் யார்? எந்தக் கட்சியின் சார்பிலும் நிற்காமல், தனியாகத் தேர்தலில் நிற்பவர். கட்சிக்காரருக்குக் கட்சியின் சின்னம் இருக்கும். சுயேச்சைக்குத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து ஒரு சின்னம் கொடுப்பார்கள். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் மனுவில் ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும். அந்தப் பத்துப் பேரும் அதே தொகுதியைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

கிருஷ்ணய்யர் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா வக்கீல். மகனும் வக்கீலுக்குப் படித்துத் தலச்சேரியில் தொழில் செய்தார். தொழிலாளிகளும் குத்தகை விவசாயிகளும் அவரைத் தேடி வந்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948-இல் அவரையே பிடித்துச் சிறையில் வைத்தார்கள். சிறை எப்படி இருக்கும் என்பதை அவர் உள்ளே இருந்து பார்த்தார்.

அந்தக் காலத்தில் மலபார் பகுதி சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்தது. கேரளா என்ற மாநிலம் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் உண்டானது. அதனால் 1952-இல் கூத்துப்பறம்பு தொகுதியில் ஜெயித்த கிருஷ்ணய்யர், சென்னைச் சட்டமன்றத்தில் வந்து உட்கார்ந்தார். அங்கே மொத்தம் 375 உறுப்பினர்கள். அவர்களில் இவர் ஒருவர்.

இத்தனை பேர் நடுவே தனி ஆள் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தனி ஆள் சட்டம் நிறைவேற்ற முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம். எங்கள் ஊர் வாய்க்கால் ஏன் தூர்ந்து கிடக்கிறது, இன்னாரை ஏன் நிலத்தைவிட்டு வெளியேற்றினார்கள் என்று எம்.எல்.ஏ. எழுதிக் கேட்டால், அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். கட்சிக்காரர்களுக்குக் கொறடா என்று ஒருவர் உண்டு. எந்தப் பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்று அவர் உத்தரவு போடுவார். சுயேச்சைக்குக் கொறடா கிடையாது. அவர் தொகுதி மக்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சில சமயம் சுயேச்சையின் ஒரு ஓட்டு மிகவும் பெரியதாகிவிடும். 1957-இல் கேரளாவில் முதல் தேர்தல் நடந்தது. மொத்தம் 126 இடங்கள். ஆட்சி அமைக்க 64 பேர் வேண்டும். கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தது 60. போதவில்லை. அந்தக் கட்சியின் ஆதரவோடு ஜெயித்த 5 சுயேச்சைகள் கைகொடுத்தார்கள். 65 ஆயிற்று. இ. எம். எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சர் ஆனார். அந்த ஐந்து பேரில் தலச்சேரியில் ஜெயித்த கிருஷ்ணய்யரும் ஒருவர். அவர் அமைச்சர் ஆனார். சட்டம், சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் எல்லாம் அவர் கைக்கு வந்தன.

ஆட்சிக்கு வந்த ஒரு வாரத்துக்குள், குத்தகை விவசாயிகளை நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று அரசு அவசரச் சட்டம் போட்டது. உழுகிற நிலம் எந்த நாளும் போகலாம் என்று பயந்து கிடந்தவர்களுக்கு அன்றுதான் நிம்மதியான தூக்கம் வந்திருக்கும்.

தண்ணீர் விஷயமும் அந்த ஆட்சிக் காலத்தில்தான் வந்தது. பரம்பிக்குளம், ஆழியாறு தண்ணீரைத் தமிழ்நாடும் கேரளாவும் எப்படிப் பங்கிடுவது? இரண்டு அரசுகளும் பேசின. ஒப்பந்தத்தில் 1970-இல்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் 1958 நவம்பர் 9 முதலே அது நடப்புக்கு வந்ததாக வைத்துக்கொண்டார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களுக்கு அந்தத் தண்ணீர் பாய்கிறது. கேரளாவின் சித்தூர் விவசாயிகளுக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும். மழை குறைந்த ஆண்டுகளில் சண்டை வருகிறது, பேசுகிறார்கள், தண்ணீர் விடுகிறார்கள். பேசாமல் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் காய்ந்திருக்கும்.

சுயேச்சை என்றாலே நல்லவர் என்று எண்ணிவிட வேண்டாம். தன் ஆதரவுக்கு விலை பேசிய சுயேச்சைகளும் நம் நாட்டில் உண்டு. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால், அவர் பதவி போய்விடும்.

1959 ஜூலை 31-ஆம் தேதி மத்திய அரசு கேரள அரசைக் கலைத்தது. அடுத்த ஆண்டு வந்த தேர்தலில்தான் அந்த ஏழு ஓட்டுத் தோல்வி. கிருஷ்ணய்யர் சும்மா இருக்கவில்லை. தேர்தல் வழக்குப் போட்டார். 1961-இல் அவர்தான் ஜெயித்தவர் என்று தீர்ப்பு வந்தது. மறுபடியும் சட்டமன்றத்துக்குப் போனார். இன்று இப்படி வழக்குப் போட வேண்டுமானால், முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும்.

1965-இல் அவர் மறுபடி தோற்றார். பிறகு நீதிபதி ஆனார். 1973-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அங்கேயும் ஊர்ப் பிரச்சினை அவரை விடவில்லை. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊரில் சாக்கடை நாற்றம் தாங்காமல் மக்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். பணம் இல்லை என்றது நகராட்சி. அது ஒரு சாக்கு ஆகாது, சாக்கடையைக் கட்டு என்று 1980-இல் அவர் தீர்ப்புச் சொன்னார். அதற்குச் சற்று முன்பு, தில்லி திகார் சிறையில் ஒரு கைதியைச் சித்திரவதை செய்ததாக இன்னொரு கைதி நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். வக்கீல் இல்லை, முத்திரைத்தாள் இல்லை, வெறும் கடிதம். அதையே நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த வழக்கிலும் தீர்ப்பு எழுதியவர் கிருஷ்ணய்யர்தான். 2014-இல் அவர் காலமானார்.

பேசிப் பாருங்கள்: உங்கள் தொகுதியின் எம்.எல்.ஏ. யார்? அவர் கட்சிக்காரரா, சுயேச்சையா? உங்கள் ஊரைப் பற்றிச் சட்டமன்றத்தில் ஒரு கேள்வி கேட்கச் சொல்வதானால், எதைக் கேட்கச் சொல்வீர்கள்? அதை நான்கு வரியில் அவருக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள்.