பராமரிப்புப் பணியாளர்களுக்கு ஓர் உதவி நிதி: தொடங்குவது எப்படி?

தஞ்சாவூர்ப் பக்கம் தர்மத்துக்குக் குறைவில்லை. முதியோர் இல்லத்தில் பிறந்தநாள் சாப்பாடு போடவும், சிறப்புப் பள்ளிக்கு மின்விசிறி வாங்கித் தரவும் ஆள் உண்டு. அந்தச் சாப்பாட்டை ஊட்டிவிடும் ஆயா, பள்ளியில் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடும் உதவியாளர், வீடுகளில் படுத்த படுக்கையாய் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் ‘ஹோம் நர்ஸ்’ பெண் ஆகியோருக்குத்தான் யாரும் இல்லை. இவர்களுக்காக நான்கைந்து பேர் சேர்ந்து நிதி தொடங்க நினைத்தால், வழி இதுதான்.

1. பட்டியல்

முதல் வருஷத்துக்குப் பதினைந்து பேர் போதும். வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். வேலை பார்க்கும் இடத்தில், மேனேஜர் முன்னால் “என்ன கஷ்டம்?” என்று கேட்டால் “ஒரு குறையும் இல்லீங்க” என்ற பதில்தான் வரும்.

2. வசூல்

தை, மாசியில் கேளுங்கள். சம்பா அறுவடையாகி, கொள்முதல் நிலையத்துப் பணம் கணக்கில் ஏறும் காலம் அது. ஆனியில் போய் நின்றால், குறுவைக்கு உரம் வாங்கிவிட்டு வந்தவர் என்ன தருவார்? ஒரே தடவை பெரிய தொகையைவிட வருஷா வருஷம் வரும் சிறு தொகை மேல். 1802-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் போன்றவையும், எழுதிவைத்த கிராமங்களிலிருந்து வருஷா வருஷம் வந்த வருமானத்தில்தான் நடந்தன.

3. காப்பீடு: எல்லாரும் சறுக்கும் இடம்

நிதியின் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். ஆளுக்கு 456 ரூபாய். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு (சுரக்ஷா பீமா) 20, ஆயுள் காப்பீட்டுக்கு (ஜீவன் ஜோதி) 436. இரண்டுக்கும் தலா 2 லட்சம். விபத்துத் திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை சேரலாம். ஆயுள் திட்டத்தில் 50 வரைதான். இதில் வயது என்பது ஆதாரில் உள்ள வயது. பலருக்கு ஊகமாக ஜனவரி 1 என்று ஏதோ ஒரு வருஷம் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் படிவத்தை எடுங்கள்.

“சேர்த்துவிட்டோம்” என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். காப்பீட்டு வருஷம் ஜூன் 1-ல் தொடங்கி மே 31-ல் முடியும். பிரீமியத்தை மே கடைசியில் வங்கி தானாகப் பிடித்துக்கொள்ளும், கணக்கில் பணம் இருந்தால். இந்தப் பணியாளர்களுக்குச் சம்பளம் கையில் வருகிறது. மகளிர் உரிமைத் தொகையை ஏறிய அன்றே எடுத்துவிடுகிறார்கள். மே 25-ல் பாஸ்புக்கைப் பார்த்தால் 38 ரூபாய் இருக்கும். பாலிசி சத்தமில்லாமல் போய்விடும். மறுபடி சேரலாம், ஆனால் ஆயுள் திட்டத்தில் திரும்பச் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்தல்லாத மரணத்துக்குப் பணம் கிடையாது. ஆகவே 456 ரூபாயைக் கையில் கொடுக்காதீர்கள். மே 20 வாக்கில் கணக்கில் போடுங்கள், ஜூனில் பாஸ்புக் பதிந்து வரச் சொல்லி பிரீமியம் பிடித்த இரண்டு வரியையும் கண்ணால் பாருங்கள்.

அடுத்த சிக்கல் பெயர். ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் வீட்டுக்காரர் இனிஷியல். நாமினி இடத்தில் இன்னும் மோசம்.

“அக்கா, பொண்ணு பேரு என்ன எழுதியிருக்கீங்க?”

“பாப்பான்னுதாங்க. அப்படித்தானே கூப்பிடுறோம்.”

பாப்பாவுக்கு எந்த வங்கியும் பணம் தராது. நாமினியின் ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்து நிரப்புங்கள். படிவத்தின் நகல் ஒன்று உங்களிடம், ஒன்று நாமினியிடம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாத காப்பீடு, இல்லாத காப்பீடுதான். ஏதாவது நடந்துவிட்டால் 30 நாளுக்குள் வங்கிக் கிளைக்குப் போக வேண்டும்.

இரவு டூட்டி முடிந்து வரப்பில் நடந்து வருகிறவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் நேராக அரசு மருத்துவமனை. உயிருக்கும் அதுதான் வழி. விபத்துக் காப்பீட்டுக்கும் உடனே பார்த்த மருத்துவமனைச் சீட்டுதான் சாட்சி.

கையோடு இன்னும் இரண்டு வேலை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனால் ஆகிவிடும். வீட்டு வேலையோடு நோயாளியையும் பார்ப்பவர்களுக்கு, 2007-ல் அமைந்த வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கும், 60 வயதுக்கு மேல் ஓய்வூதியத்துக்கும் அங்கே வழி உண்டு. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

4. அவசர உதவி

கடனாகத் தராதீர்கள். திருப்பிக் கேட்கிற நிதி இன்னொரு வட்டிக்கடையாகிவிடும். உச்சவரம்பு வைத்து, கொடுத்ததோடு மறந்துவிடுங்கள். பள்ளிக் கட்டணம் என்றால் பள்ளிக்கே கட்டுங்கள். முடிவெடுக்க இரண்டு பேர் போதும். ஐந்து பேர் கூடுவதற்குள் ஆஸ்பத்திரி பில் வந்துவிடும். மேடை, சால்வை, போட்டோ எதுவும் கூடாது. பேச்சே இல்லை.

5. கணக்கு

இருவர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு, ஒரு நோட்டு. நண்பர்களுக்குள் இது போதும். வெளியார் பணம் வரத் தொடங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட்டாகப் பதியுங்கள். சங்கமாகப் பதிவதென்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும். 80ஜி சான்று வாங்கினால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை உண்டு. ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடையாது.

எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்ய முடியாவிட்டால் மூன்றாவதை மட்டும் செய்யுங்கள். பதினைந்து பேருக்கு மொத்தம் 6,840 ரூபாய்தான் ஆகும். உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிறாரே, பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருக்கட்டும்.