மெட்டைக் காத்தவர்கள்

மேலை நாட்டு இசை என்றவுடன் பியானோவும் பெரிய வாத்தியக் குழுவுமே நம்மிற் பலருடைய நினைவுக்கு வருகின்றன. அந்நாடுகளிலும் உழவரும் மீனவரும் வளர்த்த நாட்டுப்புற இசை உண்டு. கெல்டிய இசை அதில் ஒரு பெரும் பிரிவு. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டனி முதலிய நிலங்களின் நாட்டுப்புற இசைக்கு இன்று வழங்கும் பொதுப்பெயர் அது. தமிழ் மாணவராகிய நாம் அதைப் பற்றி ஏன் அறிய வேண்டும்? அதன் மெட்டுகள் சில இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இசையில் வந்து கலந்துவிட்டன. அம்மக்கள் தம் மெட்டுகளைக் காத்த முறையோ நமக்கு ஒரு பாடமாக இருக்கிறது.

முதலில் அதன் இயல்பைக் காண்போம். பிடில், சிறிய தகரக் குழல், தோற்பைக் குழல், யாழைப் போன்ற ஹார்ப், 'பௌரான்' என்னும் ஒருமுகப் பறை ஆகியவை அதன் முதன்மைக் கருவிகள். மர வளையத்தில் ஆட்டுத் தோலைப் போர்த்திச் சிறு கோலால் அடிப்பது பௌரான். நம் பறையை அறிந்தவருக்கு அது புதுமையாகத் தோன்றாது. தோற்பைக் குழலும் நமக்கு அயலானதன்று. காற்றை அடைத்துச் சுருதி கூட்டும் 'துத்தி' என்னும் தோற்பைக் கருவி சதிர்க் கச்சேரிகளிலும் கூத்திலும் முன்பு வழங்கியது.

ஆடலுக்குரிய மெட்டுகளில் 'ஜிக்', 'ரீல்' என்னும் இரண்டு வகைகள் சிறந்தவை. 'தகிட தகிட' என்று மும்மூன்றாகத் துள்ளிச் செல்வது ஜிக். 'தகதிமி' என்று நந்நான்காக விரைந்து ஓடுவது ரீல். பெரும்பாலும் மெட்டுக்கு இரண்டு பகுதிகள் இருக்கும். ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசிப்பர். இவையன்றித் தாளக் கட்டுக்கு அடங்காமல் நீண்டு செல்லும் மெல்லிசை மெட்டுகளும் உண்டு. அவற்றில் ஒரு சுரத்தை அடுத்த சுரங்களால் விரைந்து தொட்டு அழகு செய்வர். நம் கமகம் வேறு, அது வேறு. ஆனால் வெறும் சுரம் போதாது என்ற உணர்வு இரண்டிற்கும் பொது.

சென்ற மாதம் நீலசந்திராவில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் இவ்விசையை நேரிற் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பிடில், குழல், பௌரான் என மூன்றே கருவிகள், ஒலிபெருக்கி இல்லை. ரீல் ஒலித்தபோது தெருப் பிள்ளைகள் படிக்கட்டில் கூடிவிட்டனர். பிறகு பிடில்காரர் மெல்லிசை மெட்டு ஒன்றைத் தொடங்கினார். பக்கத்து வீட்டுப் பாட்டி, தருமபுரிப் பக்கத்திலிருந்து இளமையிலேயே இங்குக் குடியேறியவர், "தம்பி, இது எங்க ஊர்த் தாலாட்டு மாதிரி இழுக்குதே!" என்றார். நாங்கள் வேண்டவே பாடியும் காட்டினார். சொற்கள் பாதி மறந்துவிட்டன; "ம்... ம்..." என்று அவ்விடங்களை நிரப்பினார். மெட்டோ சிறிதும் சிதையவில்லை. மூன்றாம் முறை அவர் பாடியபோது பிடிலும் உடன் வந்தது. தம் மகளுக்கு அந்தத் தாலாட்டுத் தெரியாது என்று பின்னர்ச் சொன்னார்.

அயல் மெட்டைக் கேட்டுக் கைக்கொள்வது நம் இசைக்குப் புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) குடும்பம் மணலி முதலியார் ஆதரவில் சென்னைக்கு அருகே வாழ்ந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டை பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு வாய்த்தது. தம்பி பாலுசுவாமி ஐரோப்பிய முறையில் வயலின் கற்றார். தீட்சிதர் அந்நிய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டுசுவரம்' என்று வழங்கும் அவ்வுருப்படிகள் ஏறத்தாழ நாற்பது. அவை சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. அவற்றுள் 'வந்தே மீனாட்சி' 'லிமரிக்' என்னும் ஐரிஷ் மெட்டிலும், 'ஜகதீச குருகுக' 'லார்டு மக்டொனால்டு ரீல்' என்னும் ஸ்காட்லாந்து மெட்டிலும் அமைந்தவை என ஆய்வாளர் காட்டியுள்ளனர். கோட்டையில் ஒலித்த மெட்டு நம் வீடுகளில் குழந்தைகள் பாடும் பாட்டாயிற்று!

அம்மெட்டுகள் தம் சொந்த நிலத்தில் எவ்வாறு பிழைத்தன? 1792-இல் பெல்பாஸ்டு நகரில் ஹார்ப் கலைஞர்களைக் கூட்டி விழா எடுத்தனர். வந்தவர் பலர் முதியவர், கண் இழந்தவர். அவர்கள் வாசித்ததை எழுதும் பணி எட்வர்டு பண்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞருக்குக் கிடைத்தது. 1796-இல் அவருடைய முதல் தொகுப்பு வெளிவந்தது. மெட்டை மட்டும் முதலில் எழுதிய அவர், சொற்களைத் திரட்ட 1802-இல் ஓர் அறிஞரைத் தனியே அனுப்ப வேண்டியதாயிற்று.

பிரான்சிஸ் ஓ'நீலின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் சிக்காகோ நகரின் காவல்துறைத் தலைவரானவர் அவர். பிழைப்புக்காக அந்நகரில் குடியேறிய தம் நாட்டவரிடமிருந்து மெட்டுகளைத் திரட்டி, 1903-இல் 1,850 மெட்டுகள் கொண்ட நூலை வெளியிட்டார். அவருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. அவர் வாசித்துக் காட்ட, ஜேம்ஸ் ஓ'நீல் என்னும் மற்றொரு காவலர் எழுதினார்.

நம் நிலை என்ன? கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958-இல் வந்தது. நா. வானமாமலையின் நாட்டுப்பாடல் தொகுப்புகளும் வந்தன. அப்பெரியோருக்கு நாம் கடமைப்பட்டவர்கள். எனினும் பொதுவாக நோக்கினால், சொல்லைத் தொகுத்த அளவுக்கு மெட்டை நாம் தொகுக்கவில்லை. தாளில் அச்சான தாலாட்டைப் படித்து எந்தக் குழந்தை உறங்கும்?

ஆகவே நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒவ்வொருவரும் ஒரே ஒரு மெட்டைக் கொண்டு வாருங்கள். கைப்பேசியில் பதியுங்கள். பாடியவரின் இசைவைப் பெற்று அவர் பெயர், ஊர், பாடும் வேளை ஆகியவற்றைக் குறியுங்கள். சுரம் எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டா; ஓ'நீலுக்கும் தெரியாது. எழுதத் தெரிந்த தோழர் ஒருவர் நம் விடுதியிலேயே இருப்பார். இருவர் கூடினால் ஒரு மெட்டு பிழைக்கும்.