இரும்புக் குதிர்
(அறிவியல் கட்டுரை)

நுழையும்முன்

நோய் முற்றிய பின் மருந்து தேடுவதைவிட, அது தலைகாட்டும் முன்பே அறிந்து காத்துக்கொள்வது அறிவுடைமை. மனித உடல் இரும்புச்சத்தைச் சேமிக்கும் முறையையும், அச்சேமிப்பைக் குருதிச் சோதனையால் அளந்தறியும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

உடலில் உள்ள இரும்பு

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் இரும்பு உள்ளது. ஒரு சிறிய ஆணியின் எடைதான் அது. ஆயினும், உயிர் வாழ்க்கை அதனைச் சார்ந்தே நடைபெறுகிறது. இவ்விரும்பில் மூன்றில் இரண்டு பங்கு, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதத்தில் அமைந்துள்ளது. நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் சுமந்து செல்வது இப்புரதமே.

ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்கிறது. முதிர்ந்த அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் சிதைத்து, அவற்றிலுள்ள இரும்பை மீட்டெடுக்கின்றன. அவ்விரும்பு எலும்பு மச்சையைச் சென்றடைந்து புதிய அணுக்களுக்குப் பயன்படுகிறது. இவ்வாறு நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள்ளேயே சுழன்று வருகிறது. உணவிலிருந்து உடல் ஏற்பதோ நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. வரவு சிறிது; ஆதலால் சேமிப்பு இன்றியமையாதது.

சேமிப்புக் கிடங்கு

முற்கால வேளாண் குடும்பங்களில் அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பர். அன்றாடத் தேவைக்கு அதன் அடியிலுள்ள துளை வழியே நெல்லை எடுப்பர். உடலில் இக்குதிரின் பணியைச் செய்வது ஃபெரிட்டின் என்னும் புரதமாகும். 24 சிறு கூறுகள் இணைந்து அமைந்த, உள்ளீடற்ற உருண்டை அது. ஓர் உருண்டைக்குள் ஏறத்தாழ 4500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகியவற்றில் இது மிகுதியாக உள்ளது. 1937 ஆம் ஆண்டு செக் நாட்டு அறிஞர் விலெம் லாஃப்பெர்கர், குதிரையின் மண்ணீரலிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார்.

முன்னர், உடலின் இரும்புச் சேமிப்பை அறிய எலும்புக்குள் ஊசியைச் செலுத்தி மச்சையை எடுத்தனர். அதில் நீலச்சாயம் தோன்றும் வேதிப்பொருளைச் சேர்த்து நுண்ணோக்கியில் நோக்கினர். நீலத் துகள்கள் தென்பட்டால் சேமிப்பு உண்டு, தென்படாவிடில் இல்லை. வலி மிகுந்த இம்முறையை எல்லார்க்கும் செய்தல் இயலாது. 1972 ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள், குருதியில் மிகச் சிறிதளவே உலவும் ஃபெரிட்டினை அளக்கும் முறையை வெளியிட்டனர். கிடங்கு நிறைந்திருந்தால் குருதியில் ஃபெரிட்டின் மிகும்; கிடங்கு குறைந்தால் அதுவும் குறையும். எலும்பைத் துளைக்காமலே இருப்பை அறியும் வழி இவ்வாறு பிறந்தது.

சோதனை நடைபெறும் முறை

கையின் சிரையிலிருந்து சில மில்லிலிட்டர் குருதி எடுக்கப்படுகிறது. அது உறைந்தபின் சுழற்சிப் பொறியில் சுழற்றப்படும்போது, மஞ்சள் நிறத் தெளிநீர் மேலே பிரிந்து நிற்கும். இதற்குச் சீரம் என்று பெயர். ஃபெரிட்டினை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சீரத்துடன் சேர்த்து, வெளிப்படும் ஒளி அல்லது நிறத்தின் அளவைக் கருவி கணக்கிடுகிறது.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட, பிற நோயற்ற சிறுவர்க்கும் பெரியவர்க்கும் ஃபெரிட்டின் ஒரு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருப்பின், அதனை இரும்புக் குறைபாடு என உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இவ்வெல்லை 12 ஆகும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. காய்ச்சலோ அழற்சியோ உள்ளபோது, சேமிப்பு குறைந்திருந்தாலும் ஃபெரிட்டின் அளவு உயர்ந்து காணப்படும். ஆகவே மருத்துவர்கள் அழற்சியைக் காட்டும் மற்றொரு சோதனையையும் சேர்த்துச் செய்வதுண்டு. அளவு மிகையாதலும் நன்றன்று. மிகுந்த இரும்பை வெளியேற்றத் தனி வழி உடலில் இல்லை. அடிக்கடி குருதி ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளர்களின் உடலில் இரும்பு தேங்கிக் கல்லீரலையும் இதயத்தையும் தாக்கும். அவர்களுக்கும் இச்சோதனையே வழிகாட்டுகிறது.

சோம்பலா, குறைபாடா?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஓட்டப் பந்தயத்தில் முந்தியவள், இன்று மாடிப்படி ஏறினாலே இளைக்கிறாள். வகுப்பில் கண்ணயர்கிறாள். படித்தது மனத்தில் நிற்பதில்லை. “கவனமில்லாத பெண்” என்கிறது பள்ளி; “இரவெல்லாம் கைப்பேசி” என்கிறது வீடு. ஹீமோகுளோபின் சோதனையில் 12.3 கிராம் என வருகிறது. அவள் வயதுக்கு உரிய எல்லை 12 என்பதால், “குறையொன்றும் இல்லை” என்று எல்லாரும் அமைதி கொள்கின்றனர். அவள் மட்டும் தன்னையே நொந்துகொள்கிறாள். ஃபெரிட்டினை அளந்து பார்த்தால் அது 8 மைக்ரோகிராமாக இருக்கிறது.

இவ்விரு எண்களும் முரண்படவில்லை. இரும்பு குறையும்போது முதலில் வற்றுவது சேமிப்பு. அடுத்துக் குறைவது குருதியில் எடுத்துச் செல்லப்படும் இரும்பு. இறுதியிலேயே ஹீமோகுளோபின் வீழ்கிறது. இன்று உலையில் சோறு பொங்குவதைக் கண்டு, குதிரில் நெல் இருப்பதாக எண்ணிவிட முடியாது. அந்த மாணவிக்குத் தேவைப்பட்டது வசையன்று, மருத்துவம். சோர்வுக்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். எனினும், காரணத்தை ஆராயுமுன் ஒருவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டுதல் அறமாகாது.

இந்திய நிலை

2016 முதல் 2018 வரை நடைபெற்ற விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், சிறுவர்களின் ஃபெரிட்டின் அளவும் சோதிக்கப்பட்டது. 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 31 விழுக்காட்டினருக்கும், ஆண்களில் 12 விழுக்காட்டினருக்கும் இரும்புக் குறைபாடு இருந்தது. அதே வயதுப் பெண்களில் 40 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை காணப்பட்டது. குருதிச்சோகை அனைத்தும் இரும்புக் குறைவால் மட்டும் வருவதன்று. ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைவும் பரம்பரை நோய்களும் காரணமாகலாம். விரைந்த வளர்ச்சி, மாதவிலக்கு, கொக்கிப்புழுத் தொற்று ஆகியன வளரிளம் பருவத்தில் இரும்பைக் குறைக்கின்றன.

இதனைத் தடுக்கவே பள்ளிகளில் வாரம் ஒருமுறை நீலநிற மாத்திரை வழங்கப்படுகிறது. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. குடற்புழு நீக்க மாத்திரையும் தரப்படுகிறது. 2018 இல் தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டம் இப்பணிகளை ஒருங்கிணைக்கிறது.

குதிரை நிரப்பும் வழி

கீரை, பயறு, கம்பு, எள், பேரீச்சை ஆகியவற்றில் இரும்பு உள்ளது. இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். தாவர உணவின் இரும்பை ஏற்க வைட்டமின் சி துணைபுரியும். பருப்பில் பிழியும் எலுமிச்சையும், உணவோடு உண்ணும் நெல்லிக்காயும் கொய்யாவும் சுவைக்கு மட்டும் உரியன அல்ல. உணவுடன் பருகும் தேநீரும் காப்பியும் இரும்பு சேர்வதைத் தடுக்கும்.

சேமிப்பு வற்றியபின் உணவு மட்டும் போதாது. மருத்துவர் தரும் மருந்தை அவர் கூறும் காலம்வரை உண்ணுதல் வேண்டும். ஹீமோகுளோபின் சீரான பின்னும் சில திங்கள் மருந்து தொடர்வது வழக்கம். குதிர் நிரம்புவதற்கே அக்காலம். மருத்துவர் அறியாமல் தாமே இரும்பு மாத்திரை உண்ணுதல் தவறு. சிறு குழந்தைகளின் கைக்கு அது எட்டாதவாறு வைத்தல் கட்டாயம். மிகுதியாக விழுங்கினால் உயிருக்கே தீங்காகும்.

சொல்லும் பொருளும்
குதிர் – தானியம் சேமிக்கும் மண்கலம்
சிரை – இதயத்திற்குக் குருதியைக் கொண்டு செல்லும் குழாய்
மச்சை – எலும்பின் உட்பகுதியிலுள்ள மென்பொருள்
அழற்சி – நோயால் உண்டாகும் வீக்கமும் வெம்மையும்
வசை – பழிச்சொல்

இலக்கணக் குறிப்பு
மண்ணீரலும் கல்லீரலும் – எண்ணும்மை
குறைந்த – பெயரெச்சம்
பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் – பெயரெச்சத் தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்
நிறைந்து = நிறை + த்(ந்) + த் + உ
நிறை – பகுதி. த் – சந்தி. ‘ந்’ ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. உ – வினையெச்ச விகுதி.

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.
1. இரும்புக் குறைபாட்டில் முதலில் வற்றுவது
அ) ஹீமோகுளோபின் ஆ) சேமிப்பு இ) சீரம் ஈ) சிவப்பணு
2. ‘இவ்விரும்பு’ என்பதைப் பிரித்து எழுதக் கிடைப்பது
அ) இவ் + விரும்பு ஆ) இவை + இரும்பு இ) இ + இரும்பு ஈ) இது + விரும்பு

ஆ) குறுவினா
1. காய்ச்சலின்போது ஃபெரிட்டின் சோதனை தவறான முடிவைக் காட்டக்கூடும். ஏன்?
2. தலசீமியா நோயாளர்க்கு இச்சோதனை எவ்வாறு உதவுகிறது?

இ) நெடுவினா
ஹீமோகுளோபின் அளவு சரியாக இருந்தும் ஒருவருக்கு இரும்புக் குறைபாடு இருக்கலாம் என்பதைக் குதிர் உவமையின் வழி விளக்குக.

ஈ) மொழிச் செயல்பாடு
எப்போதும் சோர்ந்திருக்கும் தோழியைப் பிறர் கேலி செய்கின்றனர். அவளுக்கு ஆறுதலும் அறிவுரையும் கூறும் வகையில் ஒரு கடிதம் எழுதுக.