நீரச்சம் நீங்குதல்

நீரைக் கண்டு மகிழாத குழந்தை இல்லை என்பர். அது முழுதும் உண்மையன்று. குடத்து நீரில் கைவிட்டு அளைந்து மகிழும் குழந்தையே, ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றால் அன்னையின் சேலையைப் பற்றிக்கொண்டு அலறுவதைக் காண்கிறோம். குடத்து நீரின் எல்லை அதன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆற்று நீருக்கோ அடியும் தெரியவில்லை. தொடக்கமும் முடிவும் தெரியவில்லை. அறியாத ஒன்றை அஞ்சுதல் உயிர்களுக்கு இயல்பு. அஃது இயற்கை அமைத்த காவல். அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சாதிருத்தலை அறியாமை என்றே வள்ளுவரும் கருதினார். ஆதலின், நீரைக் கண்டு அழும் தம்பியையோ தங்கையையோ கோழை என்று எள்ளுதல் தகாது.

ஆயினும், காவலே சிறையாகிவிடுவதும் உண்டு. எனக்கு அவ்வாறே ஆயிற்று.

நான் தாமிரபரணிக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தவன். 1965-ஆம் ஆண்டில், எனக்கு ஆறு வயது நடக்கும்போது, என் தாய்மாமன் எனக்கு நீச்சல் கற்பிக்க விரும்பித் தோட்டத்துக் கிணற்றுக்கு அழைத்துச் சென்றார். அந்நாளில் சிறுவர் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி நீரில் விடுவது வழக்கம். என் மாமனோ அதனையும் வேண்டா என்றார். "தள்ளிவிட்டால் தானே நீந்துவான்" என்று சொல்லிக்கொண்டே கிணற்று மேட்டிலிருந்து என்னைத் தூக்கி எறிந்தார். மறுநொடியே அவரும் குதித்து என்னை மேலே கொண்டுவந்தார். அவர் நோக்கம் தீயதன்று; அவரும் அவ்வாறு கற்றவரே. ஆனால், அவர் கற்றுக்கொண்டது நீச்சல். நான் கற்றுக்கொண்டது அச்சம். அன்று முதல் அன்னை என் தலையில் ஒரு செம்பு நீர் ஊற்றினாலும் எனக்கு மூச்சுத் திணறும். என்னையொத்த சிறுவர் ஆற்றில் பாய்ந்து ஆடும்பொழுது, படித்துறையில் அமர்ந்து அவர்தம் ஆடைகளுக்குக் காவல் இருப்பது என் பணியாயிற்று.

பின்னர் நான் தமிழ் கற்று, ஆசிரியனாகவும் ஆனேன். புறநானூற்றின் 243-ஆம் பாட்டைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். தடியூன்றி நடக்கும் முதுமையில், இளமையில் தாம் ஆடிய நீர்விளையாட்டை அவர் நினைவுகூர்கிறார். துறையருகே நீர்மேல் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறி, கரையிலுள்ளார் வியக்கும்படி ஆழத்தில் பாய்ந்து, அடியிலுள்ள மணலை அள்ளிக் காட்டினாராம். இப்பாட்டை நான் ஆண்டுதோறும் உருக்கமாக நடத்துவேன். 1993-ஆம் ஆண்டில் ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, தங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டான். அவன் குறும்பாகக் கேட்கவில்லை. நான் விடை கூறாமல் அடுத்த பாட்டுக்குச் சென்றேன். அப்பாட்டை எவ்வாறு நடத்தினேன் என்பது நினைவில்லை.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில், எங்கள் ஆற்றில் மீன் பிடிக்கும் முதியவர் ஒருவரிடம் சென்று என் குறையைச் சொன்னேன். அவர் நகைக்கவில்லை. "இன்று இறங்க வேண்டா, ஐயா. படியில் அமர்ந்து காலை நனையுங்கள், அது போதும்" என்றார். மூன்று நாளும் அவ்வளவே. நான்காம் நாள் இடுப்பளவு நீரில் நின்று, கையில் நீரை முகந்து, அதில் வாயை வைத்து ஊதச் சொன்னார். பிறகு முகத்தை நீரில் அமிழ்த்தி ஊதினேன். குமிழிகள் கன்னத்தை உரசிக்கொண்டு மேலேறின. மூச்சை வெளிவிடும்வரை மூக்கினுள் நீர் புகாது என்பதை முப்பத்து நான்கு வயதில் அறிந்தேன்! இரண்டு வாரங்கள் சென்றபின், அவர் கை என் பிடரியைத் தாங்கியிருக்க, நீரில் மல்லாந்து கிடந்தேன். அவர் கையை எப்பொழுது எடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆற்றில் கிடந்தவாறே வானத்தைப் பார்த்தது அன்றுதான்.

அம்முதியவர் நூல் எதுவும் கற்றவர் அல்லர். ஆயினும், அவர் கையாண்ட முறையை உளநூலார் நன்கு அறிவர். அமெரிக்க நாட்டு உளநூல் அறிஞரான மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1924-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூன்று வயது நிரம்பாத பீட்டர் என்னும் சிறுவன் முயலைக் கண்டால் நடுங்குவான். அவன் விருப்பத்தோடு தின்பண்டம் உண்ணும் நேரத்தில், கூண்டிலிருந்த முயலை அவன் அஞ்சாத தொலைவில் வைத்தனர். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தனர். முயலுக்கு அஞ்சாத பிற குழந்தைகளையும் உடன் விளையாட விட்டனர். முடிவில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். அச்சம் எந்த அளவில் பொறுக்கத் தக்கதாக உள்ளதோ அந்த அளவில் தொடங்க வேண்டும் என்பதே இதன் நுட்பம். என் மாமன் முயலைப் பீட்டரின் மடியிலேயே எறிந்துவிட்டார் என்க.

என் பெயர்த்திக்கு ஐந்து வயதில் இவ்வச்சம் வந்தது. திருச்செந்தூர்க் கடற்கரையில் அலை ஒன்று அவளை உருட்டிவிட்டது. அதன்பின் குளியலறைக்கு வரவும் மறுத்தாள். வீட்டு முற்றத்தில் அகன்ற தொட்டி ஒன்றில் கணுக்கால் அளவு நீர் நிரப்பி, பொம்மைகளைக் குளிப்பாட்டும் பொறுப்பை அவளிடம் தந்தோம். பொம்மைக்குத் தலையில் நீர் ஊற்றியவள், சில நாளில் தன் தலையிலும் ஊற்றிக்கொண்டாள். வேண்டா என்று அவள் சொன்னபோது நிறுத்தினோம். இஃது இன்றியமையாதது. ஒருமுறை ஏமாற்றி நீரில் அமிழ்த்தினால், குழந்தை நீரையன்றி நம்மையும் அஞ்சத் தொடங்கும்.

மிதத்தலில் பழகும்போது குழந்தை வியக்கும் செய்தி ஒன்றுண்டு. நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்பொழுது மனித உடல் பெரும்பாலும் நீரினும் சற்றே அடர்த்தி குறைந்தது, ஆகவே மிதக்கிறது. ஆனால் அவ்வேறுபாடு மிகச் சிறிது. அஞ்சியவன் தலையையும் கைகளையும் நீருக்குமேல் தூக்குகிறான். தூக்கிய உறுப்புகளை நீர் தாங்குவதில்லை. அவற்றின் எடை முழுதும் எஞ்சிய உடலை அழுத்துகிறது. காதுகள் நனையும்படி தலையைப் பின்னே சாய்த்துக் கிடந்தால் மூக்கும் வாயும் மேலே நிற்கும். காதில் நீர் புகும்போது ஓசை மாறுவதைக் குழந்தைக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிடின் அதற்கே துள்ளி எழும். மிதக்கும் நிலையிலிருந்து முழங்காலை மடக்கி எழுந்து நிற்கவும் பழக்க வேண்டும். எழத் தெரிந்த குழந்தை கிடக்க அஞ்சாது.

மாணவர்களே, இதனைப் படித்தவுடன் தம்பி தங்கையரை அழைத்துக்கொண்டு குளத்துக்குச் சென்றுவிடாதீர்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவருள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாதவர். தவழும் குழந்தைக்கு ஒரு வாளி நீரும் போதும். நீரில் மூழ்குவோன் கூவுவான் என்று நினைக்கிறோம். மூச்சுக்குப் போராடுவோனுக்குக் கூவ இயலாது. பெரும்பாலும் ஓசையின்றியே அது நிகழ்ந்துவிடும். எனவே, நீந்த அறிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் நில்லாத இடத்தில் குழந்தையை இறக்கலாகாது. மணல் அள்ளிய குழிகள் உள்ள ஆறும், படியில்லாக் கிணறும் பழகுமிடங்கள் அல்ல. எவரேனும் மூழ்கக் கண்டால் பின்னே குதிக்காமல், பெரியவர்களைக் கூவி அழைத்துக்கொண்டே கயிறோ, நீண்ட கழியோ, மேலாடையோ நீட்டுங்கள். மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் குடத்தை எறிந்தாலும் அவர் பற்றிக்கொள்வார்.

என் பெயர்த்திக்கு இப்பொழுது ஏழு வயது. சென்ற கோடையில் அவளை எங்கள் ஊர்ப் படித்துறைக்கு அழைத்துச் சென்றேன். நீர் என் முழங்கால் அளவே இருந்தது. நான் அருகில் நிற்க, அவள் மூச்சை அடக்கித் தலையை அமிழ்த்தினாள். எழுந்தவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே, "தாத்தா, கையை நீட்டுங்கள்" என்றாள். நீட்டினேன். ஒரு பிடி ஆற்று மணலை என் உள்ளங்கையில் வைத்தாள்.