வாய்க்காலுக்கு வடக்கு

கும்பகோணம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்குப் பெரியப்பா எழுதுவது.

உன் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், கஞ்சி இறங்குகிறது என்று உன் அம்மா போனில் சொன்னாள். கூடவே உனக்கு லா காலேஜிலிருந்து வேலை ஆர்டர் வந்திருப்பதையும் சொன்னாள். நீயே சொல்லியிருக்கலாம். போகட்டும். மாதம் பிறந்தால் சம்பளம் என்பது இன்றைக்கு அந்த வீட்டுக்கு எவ்வளவு அவசியம் என்று எனக்குத் தெரியாதா? சேர்வதும் சேராததும் உன் இஷ்டம். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஆனால் முழுநேர வேலை என்றால் வக்கீல் சன்னத்தை நிறுத்தி வைக்க வேண்டும். கவுனை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு நீ நடத்தப் போவது டிராஃப்டிங் பேப்பர். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பார் கவுன்சிலின் 2008 விதிகளில் அந்தப் பாடத்துக்குக் கணக்கு இருக்கிறது. வழக்குரை எழுதுவதில் 15 பயிற்சி, 45 மதிப்பெண். பத்திரம் எழுதுவதில் 15, அதற்கும் 45. மீதி 10 வாய்மொழித் தேர்வுக்கு. நல்ல ஏற்பாடுதான். என்னிடம் வருகிற ஜூனியர் பிள்ளைகளும் ரெக்கார்டு நோட்டைக் காட்டுகிறார்கள். முப்பதும் முத்துமுத்தான கையெழுத்து, முப்பதும் போன செட் மாணவர்களின் நோட்டைப் பார்த்து எழுதியது. வாதி பெயர்கூட மாறியிருக்காது. போன வருஷம் வந்த பெண்ணிடம் ஒரு பழைய கிரயப் பத்திரத்தைக் கொடுத்துச் சொத்து விவரத்தை இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். 'வாய்க்காலுக்கு வடக்கு' என்று இருந்ததை, வடக்கு எல்லை வாய்க்கால் என்று எழுதிக்கொண்டு வந்தாள். எனக்கு உடம்பே ஆடிவிட்டது.

நம் வயல் சிக்கியது அந்த ஒரு வரியில்தானே. வாய்க்காலுக்கு வடக்கு என்றால் நிலம் வடக்கே, வாய்க்கால் தெற்கே. நம் வக்கீல் அதைப் புரட்டிப் போட்டார். நாலு எல்லையும் தலைகீழ். உட்பிரிவு ஆகாத பெரிய சர்வே நம்பர், நாலு எல்லையைச் சொல்லும் செக்குபந்தியை வைத்துத்தான் நம் துண்டு எது என்றே சொல்ல முடியும். இரண்டு தரப்பும் பாத்தியதையைப் பற்றியே வாதாடினார்கள். ஷெட்யூலை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிகிரி வந்தது. சுவாதீனம் கொடுக்க வந்த அமீனா வரப்பில் நின்று காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "ஐயா, இதில் எழுதியிருக்கிற நிலம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமல்லவா இருக்கிறது" என்றார். அப்பா சேற்றில் நின்றிருந்தார். குடை பிடித்துக்கொண்டிருந்த எனக்குப் பன்னிரண்டு வயது. அதைத் திருத்த மனு மேல் மனு, ஏழு வருஷம். செலவுக்கே பாதி வயல் போயிற்று.

அந்த வக்கீல் பேச எழுந்தால் கோர்ட்டே நிமிர்ந்து உட்காரும். ஆனால் வயலுக்கு ஒரு நாள் வரவில்லை. எழுதிய பிராதை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டவும் இல்லை. காட்டியிருந்தால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அப்பா அந்த நிமிஷமே பிடித்திருப்பார்.

அசையாச் சொத்தை அடையாளம் காணும்படி விவரிக்க வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 7-ஆவது ஆர்டர், 3-ஆவது விதி சொல்கிறது. அதை யாரும் ஐந்து நிமிஷத்தில் நடத்திவிடலாம். வரப்பில் நின்றவர்கள்தான் அதற்கு மேல் நடத்த முடியும். மாதிரிப் படிவத்தைக் கையில் கொடுக்காதே. ஒன்றுக்கொன்று இடிக்கிற பத்திரத்தையும் பட்டாவையும் கொடு. தப்பாக எழுதினால் மார்க் குறைக்க வேண்டாம். ஃபைலிங் செக்‌ஷனில் செய்கிற மாதிரி, காரணம் எழுதி ரிட்டர்ன் போடு. நம்பர் ஆகிற வரை திரும்பத் திரும்ப எழுதட்டும். மூட் கோர்ட் பேப்பரில் கட்சிக்காரரை விசாரிக்க இரண்டு அமர்வு இருக்கிறது. அந்த டைரியை ஹாஸ்டலில் உட்கார்ந்து நிரப்ப விடாதே. சட்ட உதவி மையத்துக்கு அழைத்துப் போ.

இதற்கெல்லாம் நீ கோர்ட்டில் இருக்க வேண்டும், கண்ணு. 1979 விதிகளின்படி, பிராக்டீஸ் செய்யும் வக்கீல் நாளைக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் நடத்தலாம். பகுதி நேரமாக எடுத்துக்கொள்கிறேன் என்று பிரின்சிபாலிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பணம்தான் யோசனை என்றால், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 என்று 2024-இல் ஹைகோர்ட்டே சொல்லிவிட்டது. உன் சீனியர் தரவில்லை என்றால் இங்கே வா. நான் 20,000 தருகிறேன். உன் அப்பாவையும் இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அதிகம் எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. தெருவிளக்கு எரியவில்லை என்று எட்டாம் வகுப்பில் நீ பஞ்சாயத்துக்கு எழுதிய மனுவின் நகல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. இடம், தேதி, கம்பத்து எண் எல்லாம் சரியாக இருக்கும். உன்னிடம் படிக்கப் போகிற பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். முழு நேரமாகவே சேர்ந்தாலும் முதல் நாள் உன்னைக் கொண்டுபோய் விட நான் வருகிறேன். என் பழைய பிராது நகல்கள் இரண்டு டிரங்குப் பெட்டி இருக்கின்றன, பெயர்களை அடித்துவிட்டு வகுப்புக்கு வைத்துக்கொள்.

பெரியம்மா நார்த்தங்காய் ஊறுகாய் கட்டி வைத்திருக்கிறாள், செவ்வாய்க்கிழமை குமாஸ்தா கொண்டுவருவார். கவரில் ஐயாயிரம் இருக்கும். திருப்பி அனுப்பாதே.

அன்புடன்,
பெரியப்பா